கொள்ளைக்காரனுக்காகப் போட்ட மொட்டை

1

போன வாரம் என் தலை தொலைக்காட்சியில் வந்தது. முகமில்லை, தலை மட்டும். அதுவும் பின்பக்கம். மனைவி கலா பார்க்கவில்லை. குழம்புக்குத் தாளிக்க எழுந்து போயிருந்தாள். மகள் யாழினிதான் திரையை நிறுத்தி, காட்சியைப் பின்னுக்குத் தள்ளி, விரல் வைத்துக் காட்டினாள். "இதோ, இந்த உருண்டைதான் அப்பா."

ஆஸ்திரேலியாவை வெள்ளைக்காரன் காலனியாக வைத்திருந்த காலத்தில் காட்டில் ஒளிந்து வாழ்ந்த ஒரு கொள்ளைக்காரனைப் பற்றிய தொடர் அது. அந்த ஊரில் இப்படிப்பட்டவர்களை புஷ்ரேஞ்சர் என்பார்கள். குதிரைமேல் வந்து தபால் வண்டியையும் தங்கம் ஏற்றிப்போகும் வண்டியையும் வழிமறிப்பது, போலீஸ் வந்தால் மலைக்குள் புகுந்துவிடுவது, ஏழைக் குடியானவர்கள் வீட்டில் ராச்சாப்பாடு. நம்ம ஊரிலும் இந்த மாதிரி ஆட்களுக்குக் கதை உண்டு, பாட்டு உண்டு. அவர்களுக்குத் தொடர் இருக்கிறது.

தொடரின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒளிபரப்பாகும்வரை மூச்சுவிடக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஒளிபரப்பான பிறகு விடலாமா என்று அந்தத் தாளில் இல்லை. நான் இங்கே பினாங்கில் சிவப்பு அடையாள அட்டைக்காரன். அதாவது நிரந்தரவாசி: இருக்கலாம், வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. அட்டை சிவப்பாக இருப்பவனுக்குச் சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொள்வது பழக்கமாகிவிடும்.

கதையில் மூன்றாம் பாகம்தான் எங்களுடையது. கொள்ளைக்காரனைப் போலீஸ் நெருக்குகிறது. அவன் தாடியைக் குறைத்துக்கொண்டு, மாலுமி வேஷத்தில் கப்பலேறி, பினாங்கில் வந்து இறங்குகிறான். இறங்கிய அன்றே குடித்துவிட்டு அடிதடியில் மாட்டுகிறான். சில நாள் சிறை. தெருவுக்குக் கல் உடைக்க அனுப்புகிறார்கள். கூடவே கல் உடைப்பவர்கள் இந்தியாவிலிருந்து கும்பெனிக்காரன் கப்பலேற்றி அனுப்பிய ஆயுள் கைதிகள். அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. தண்டனை முடிந்து வெளியே வந்தவன், நிம்மதியாக இங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் அவனைப் பிடிக்க முடியாத கோபத்தில் ஊரில் அவன் அம்மாவைச் சிறையில் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறான். அடுத்த கப்பலில் திரும்பிப் போய்விடுகிறான். அங்கே தூக்குக்கயிறு காத்திருக்கிறது, தெரிந்தே போகிறான்.

"ஏன் லா திரும்பிப் போறான்?" என்றாள் யாழினி, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு. "இங்கயே இருந்துருக்கலாம்ல."

"இருந்திருக்கலாம். சிவப்பு அட்டைக்கு எழுதிப் போட்டிருந்தால் பதினைந்து வருஷத்தில் கிடைத்திருக்கும். தூக்கு சீக்கிரம் கிடைக்குமென்று போயிருப்பான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இந்த வீட்டில் சிரிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

2

படப்பிடிப்பு நடந்தது போன வருஷம். யாழினி படிப்புக்கு நடுவில் அந்தக் குழுவில் எடுபிடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் வந்து, "இந்தியன் அங்கிள் வேணுமாம்ப்பா. ஒல்லியா, களைச்சுப்போன மாதிரி. உடனே உங்க ஞாபகம்தான் வந்துச்சு" என்றாள். மகளுக்கு என் ஞாபகம் வந்ததே என்று சந்தோஷப்பட்டு ஒப்புக்கொண்டேன்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் பாலிக் புலாவ் பக்கம் கடலோரத் தோப்பு ஒன்றில் வேலை. கைதிகளுக்கு மழித்த தலை, மழித்த முகம். முடியை எடுக்க விரும்பாதவர்களுக்கு ரப்பர் தொப்பி தருகிறோம் என்றார்கள். அந்த வெயிலில் ரப்பர் தொப்பி போட்டிருந்தவர்களைப் பார்த்தேன், அவித்த முட்டைபோல வேர்த்துக்கொண்டிருந்தார்கள். என் தலையில் முடி ஏற்கெனவே நடுவில் விடைபெற்று ஓரத்தில் மட்டும் ஒப்புக்கு நின்றுகொண்டிருந்தது. எடுத்துவிடுங்கள் என்றேன்.

முந்தின நாள் இரவே கலா எச்சரித்திருந்தாள். "மாமா ஊர்ல குத்துக்கல்லாட்டம் இருக்காரு. மூத்த மகன் மீசையில கை வைக்கலாமா? வெளங்குமா?"

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை. அறந்தாங்கி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது புறப்பட்டது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது உத்தியோகம். வீட்டிலும் அதையேதான் செய்வார். இப்போது என் தம்பி செந்திலோடு இருக்கிறார். அப்பா உயிரோடிருக்கும்போது மூத்த மகன் மீசையை எடுப்பதில்லை. அவருக்குக் கொள்ளி வைக்கிற அன்றுதான் மொட்டையும் மீசை மழிப்பும். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் வெளியூரில் இருந்தால், தெரிந்த விஷயங்கள் எல்லாம் யாரோ இன்னொருவருக்குத் தெரிந்த விஷயங்கள்போல ஆகிவிடுகின்றன.

மழிக்க வந்திருந்த நாவிதர் சிம்பாங் அம்பாட்டில் கடை வைத்திருக்கும் இளைஞர், தமிழர். தலையை முடித்துவிட்டு மீசைக்கு வந்ததும் கத்தியை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, அப்பா இருக்காரா?"

"இருக்காரு தம்பி."

"அப்ப மீசை வேணாம்ணே."

"படத்துக்குத்தானே."

"படத்துக்கா இருந்தாலும் மீசை மீசைதாண்ணே. எனக்கு மனசு வரல லா."

பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். உதவி இயக்குநர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். நானே கத்தியை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். பாதி போன மீசையை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாதென்பதால் மீதியை அவர் எடுத்தார். முடித்துவிட்டு, கடை வழக்கப்படியே, "தலைக்குத் தண்ணி ஊத்திக்குங்கண்ணே, அப்படியே போகக்கூடாது" என்று ஒரு வாளியைக் காட்டினார். ஊற்றிக்கொண்டேன். உடைக்காரர்கள் கொடுத்த வெள்ளை வேட்டி, வெற்று உடம்பு, தோளில் ஈரத் துண்டு, பின்னால் கடல். யாழினி ஓடிவந்து, "அப்பா, அப்படியே நில்லுங்க" என்று போனில் ஒரு படம் எடுத்தாள். வேறு ஒரு யோசனையும் எனக்கு வரவில்லை. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நடிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மற்ற கைதிகளுக்கு எல்லாம் முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது, எதுவுமே உள்ளே போகாத மாதிரி இருக்கவேண்டும் என்று இயக்குநர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். என்னிடம் வந்ததும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீங்கள் இப்படியே இருங்கள் என்று போய்விட்டார். பெருமையாகத்தான் இருந்தது.

கொள்ளைக்காரனாக நடித்த பையன் இடைவேளையில் என் பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்தான். இந்த ஊரா என்று கேட்டான். இல்லை, இந்தியா என்றேன். எவ்வளவு நாளாக இங்கே என்றான். சொன்னேன். "அப்படியானால் உங்களுக்கும் ஆயுள்தான்" என்று என் காலில் இருந்த பிளாஸ்டிக் சங்கிலியைத் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல பையன்.

3

திங்கட்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கிற இயந்திரம் என்னை உள்ளே விடவில்லை. தள்ளி நின்றேன், நெருங்கி நின்றேன், சிரித்தேன், முறைத்தேன். அதற்கு என்னைத் தெரியவில்லை. இத்தனை நாளும் அது அடையாளம் கண்டது என்னை இல்லை, மீசையைத்தான் போலிருக்கிறது.

காவலர் பாக் மாட், வயதான மலாய்க்காரர், எட்டிப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். மீசை இருந்த இடத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மலாயில் மெதுவாக அனுதாபம் சொன்னார். இந்த ஊரில் எல்லா இனத்துக்காரர்களுக்கும் இது தெரியும்: இந்தியன் மொட்டையும் மீசையில்லாத முகமுமாக வந்தால் அப்பா போய்விட்டார். நான் சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் கோபம். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

உள்ளே போனால் அதே கதை. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தினார்கள். எங்கள் பிரிவில் ஒரு வெள்ளை உறை சுற்றிவரத் தொடங்கியிருந்தது; சீனர்கள் இழவு வீட்டுக்குப் பணம் வைத்துக் கொடுப்பது. அதை நடுவழியில் நிறுத்தி, எல்லாரிடமும் நாடகம், நாடகம் என்று விளக்கினேன். மனிதவளப் பிரிவு புவான் ரொஹானா (புவான் என்றால் மலாயில் அம்மையார்), விடுப்பு விஷயங்களைப் பார்க்கிறவர், என் இடத்துக்கே வந்துவிட்டார். அவருக்குக் கொள்ளைக்காரன் கதையை முழுக்கச் சொன்னேன். கல் உடைத்துக் காட்டினேன். "நல்ல வேளை, உங்கள் அப்பா நன்றாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது குமார் அழைத்தான். குமார் என் அத்தை மகன். அப்பாவின் தங்கை பிள்ளை. திருமயத்துப் பக்கம் இருக்கிறான். பின்னால் வேன் சத்தம், யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம்.

"அத்தான், மாமா போயிட்டாராமே."

முள்கரண்டியைத் தட்டில் வைத்தேன்.

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா. சரி, அதை அப்பறம் பேசிக்குவோம். வேன்ல வந்துக்கிட்டு இருக்கோம். எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?"

"தெரியலையே குமாரு."

"உங்களுக்கும் சொல்லலையா? செந்திலு போனையே எடுக்க மாட்டேங்குறான். அம்மாவ சமாதானப்படுத்த முடியல. வச்சிர்றேன் அத்தான்."

அப்பா போய்விட்டார். யாருக்கும் சொல்லாமல் போனது மட்டும் அவர் பழக்கத்துக்கு ஒத்துவரவில்லை. எந்த வண்டியும் கையெழுத்தில்லாமல் புறப்பட விட்டதில்லை அவர்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல முடியும். செந்திலுக்கு அடித்தேன்; எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. தட்டில் மீதி இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அழுகை வருமென்று கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வரவில்லை. வெளியே வந்து முகம் கழுவினேன். கண்ணாடியில் மொட்டையும் வெறும் மேலுதடுமாக ஒருவன் நின்றான். மொட்டை ஏற்கெனவே போட்டாயிற்று, ஒரு வேலை மிச்சம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நினைத்தது நான்தான், வேறு யாருமில்லை. அப்புறம்தான் கலா சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு கொள்ளைக்காரன் தொடருக்காக மீசையை எடுத்து அப்பாவை அனுப்பிவிட்டேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது கன்னம் என்று தெரியும், நம் கன்னம் என்று தெரியாது. அப்படி இருந்தது.

போனில் டிக்கெட் பார்த்தேன். அடுத்த நாள் காலை ஒன்று இருந்தது. புவான் ரொஹானாவிடம் போய், அப்பா இறந்துவிட்டார், விடுப்பு வேண்டும் என்றேன்.

"காலையில் நாடகம் என்றீர்களே."

"காலையில் நாடகம்தான். இப்போது நிஜம்."

அவர் என்னையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பரிதாபப்படுவதா, பாதுகாப்பு ஆட்களைக் கூப்பிடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கணினியில் விடுப்புப் பக்கத்தைத் திறந்து, பெற்றோர் மரணம் என்ற கட்டத்தைத் தொட்டு, "மூன்று நாள்" என்றார். "ஐயா, இதில் விளையாடக்கூடாது" என்றும் சொன்னார்.

4

செந்தில் அழைத்தபோது பெரிய கூட்டத்தின் நடுவிலிருந்து பேசினான். பெண்கள் அழுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

"அண்ணே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே?"

"அப்பா எப்படா..."

"எப்படாவா? இந்தா உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காரு. அத்தை அவரு காலைக் கட்டிக்கிட்டு அழுவுது."

நடந்தது இதுதான். யாழினி அந்தப் படத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். மொட்டைத் தலை, மழித்த மீசை, ஈர உடம்பு, வெள்ளை வேட்டி, பின்னால் கடல். கீழே 'அப்பா' என்று ஒரே ஒரு வார்த்தை, அதன் பக்கத்தில் கும்பிடும் கை பொம்மை இரண்டு. இதற்குமேல் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பெரியவர் போய்விட்டார், பினாங்குக்காரனால் வர முடியவில்லை, அங்கேயே கடலில் முழுகிக் காரியம் செய்துவிட்டான். ஆழ்ந்த அனுதாபங்கள் விடிய விடிய வந்து குவிந்திருக்கின்றன. அந்தக் குழுவின் சத்தத்தை நான் எப்போதோ அடைத்து வைத்துவிட்டேன். யாழினி படத்தைப் போட்டதோடு சரி, திரும்பிப் பார்க்கவில்லை; கலா அந்தக் குழுவிலேயே இல்லை. செந்திலுக்குக் கடையில் நிற்கவே நேரம் சரியாக இருக்கும். அப்பாவிடம் இருப்பது பொத்தான் போன். செத்தவர், கொள்ளி வைக்கவேண்டியவர்கள் இருவர், இந்த மூன்று பேரைத் தவிர சொந்தத்தில் எல்லாருக்கும் சாவு தெரிந்திருந்தது.

முதல் வேன் தெருமுனையில் நின்றிருக்கிறது. அத்தை தலைவிரி கோலமாக அழுதுகொண்டே ஓடிவர, சத்தம் கேட்டு அப்பா வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம், "யாரு போயிட்டா?" என்று கேட்டிருக்கிறார். அத்தை அவரைப் பார்த்தும் அழுகையை நிறுத்தவில்லையாம். அவ்வளவு வேகத்தில் வந்தவளால் சட்டென்று நிறுத்த முடியாதல்லவா. குமார் ரோஜா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றானாம்.

"சாமியானா பந்தலுக்கு வேற சொல்லிட்டானுங்கண்ணே. ரெண்டு பக்கமும் கம்பு நட்டாச்சு" என்றான் செந்தில். "அப்பா, பந்தல் இருக்கட்டும், வெயிலுக்கு நல்லதுதான்னு சொல்லிட்டாரு. வந்தவங்க சாப்பிடாம போகக் கூடாதுன்னு கோழிக்கு ஆள் அனுப்பியிருக்காரு. கொஞ்ச நேரத்துல அவரே கூப்புடுறாராம். வை."

யாழினியை அழைத்துச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை.

"ஒரு போட்டோ பாத்து எப்படிப்பா செத்துட்டாருன்னு சொல்லுவாங்க? நான் மரியாதைக்குத்தான் அந்தக் கை போட்டேன்."

மொட்டைக்கும் மீசைக்கும் என்ன அர்த்தம் என்று விளக்கினேன். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட இதைச் சொல்ல வாய்ப்பு வரவில்லை என்பது சொல்லும்போதுதான் உறைத்தது. அவள் பிறந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. செத்தவர்கள் எல்லாம் ஊரில் செத்தார்கள்.

"அப்ப நீங்க போனா நான் மொட்டை போடணுமா?"

"பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இல்லை."

படிப்பு முடிந்ததும் யாழினி மெல்போர்ன் போய் சினிமா படிக்கப் படப்பிடிப்புக் குழுவில் யாரோ வழி சொல்லியிருந்தார்கள்; அதற்கான விண்ணப்பம் வீட்டு மேசையில் கிடந்தது.

"அப்ப அங்க உள்ளவங்களுக்கு எப்படிப்பா தெரியும், எங்கப்பா போயிட்டாருன்னு?"

நியாயமான கேள்வி. வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

5

அப்பா அழைத்தார். பின்னால் அழுகை நின்று, இலை போடுகிற சத்தம் கேட்டது.

"யாரு, மூத்தவனா?"

"ஆமாப்பா."

"மொட்டை நல்லா இருக்குன்னாங்க. குமாரு காட்டுனான். எங்கப்பா செத்தப்ப நான் எப்படி இருந்தனோ அப்படியே இருக்கே."

"ஒரு படத்துக்காகப்பா. கைதி வேஷம்."

"என்ன குத்தம்?"

"அதை அவங்க சொல்லலப்பா."

"கேட்டுருக்கணும்ல" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "எல்லாருமே வந்துட்டாங்கடா. திருமயம் வேன்தான் மொதல்ல. புதுக்கோட்டைக்காரங்க லேட்டு, அவங்க எப்பவுமே லேட்டு. கோனாபட்டுல இருந்து என்கூட வேல பாத்த கண்டக்டரு ஒருத்தன் வந்துருக்கான். பேசாம இருந்தோம் பன்னெண்டு வருஷமா. என்னய உசுரோட பாத்துட்டு எப்படித் திரும்பிப் போறதுன்னு தெரியாம நின்னான். உக்காரச் சொன்னேன்."

"சந்தோஷம்ப்பா."

"சந்தோஷமா, என்னமோ. இருந்து பாத்தாச்சு." தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "சேதி கேட்டு நீ என்ன பண்ணினே?"

மீ கோரெங் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், என்ன மீ என்றுதான் கேட்டிருப்பார். "டிக்கெட் பாத்தேன்ப்பா" என்றேன்.

"கெடச்சுதா?"

"நாளைக்குக் காலையில ஒண்ணு இருக்கு."

"நேரா வருதா?"

"கோலாலம்பூர்ல மாறணும்."

"அங்க எவ்வளவு நேரம் நிக்கும்?"

சொன்னேன். திருச்சியில் பெட்டி எடுக்க எவ்வளவு நேரம், வெளியே வர எவ்வளவு நேரம், கார் கிடைக்குமா, புதுக்கோட்டை ரோட்டில் எங்கே வேலை நடக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவரே கணக்குப் போட்டார். நடுவில் செந்திலிடம் எதையோ கேட்டுக்கொண்டார்.

"அப்ப பொழுது சாயறதுக்கு முந்தி வந்துருவே."

"வந்துருவேன்ப்பா."

"அதுவும் நாளைக்கே டிக்கெட் இருக்கப்போயி. இல்லேன்னா இன்னொரு நாளும் ஆயிரும்."

"ஆகும்ப்பா."

நான் ஊருக்குப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. யாழினியின் பரீட்சை, கலாவின் ஆபரேஷன், தொழிற்சாலையில் புது இயந்திரங்கள் என்று ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாம் உண்மையான காரணங்கள். வா என்று அப்பா ஒருமுறையும் சொன்னதில்லை. வண்டி வந்தால் நேரம் குறிப்பார். வராத வண்டியை அவர் போய்க் கூப்பிட்டதில்லை.

"செந்திலைக் கேட்டேன்" என்றார். "நீ வர்ற வரைக்கும் எங்கடா என்னய வச்சிருப்பேன்னு. ஐஸ் பெட்டி வாடகைக்கு வருதாம். கரண்டுல சொருகிட்டா எத்தனை நாள் வேணும்னாலும் கெடக்கலாமாம். அண்ணன் வராம எடுக்க மாட்டேங்குறான். மூத்தவன் கொள்ளிதான் வேணுமாம்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எனக்குக் குளிர் ஆகாது தம்பி" என்றார்.

பின்னால் யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "பந்தி போட்டாச்சு, வைக்கிறேன். நான் போயி உக்காந்தாத்தான் எல்லாரும் கை வைப்பாங்க" என்று வைத்துவிட்டார்.

6

டிக்கெட் பக்கம் நேரமாகிவிட்டதென்று மூடியிருந்தது. மறுபடி திறந்தேன். பயணத் தேதி கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அப்பா செத்திருந்தபோது இந்தக் கட்டத்தை நிரப்புவது சுலபமாக இருந்தது. சாவுக்குப் போகிறவனுக்கு ஒரே தேதிதான். உயிரோடு இருக்கிறவரைப் பார்க்கப் போவதற்கு எந்தத் தேதியும் சரியாக வரும். அடுத்த மாதமும் சரி, தீபாவளியும் சரி, யாழினியின் மெல்போர்ன் விஷயம் முடிந்த பிறகும் சரி. ஐந்து வருஷமாகப் பொருந்திக்கொண்டேதான் வந்தது. ஏதாவது உள்ளே அசைகிறதா என்று பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் போட்ட தேதியையே போட்டேன்.

பிறகு புவான் ரொஹானாவிடம் போனேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"புவான், அந்த மரண விடுப்பை ரத்து செய்ய வேண்டும்."

"ஏன்?"

"அப்பா இறக்கவில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காலையில் நாடகம், மதியம் நிஜம், இப்போது மறுபடி இல்லை. ஒரு மாதச் சம்பளத்துக்கு இவ்வளவும் கேட்டுக்கொள்ள வேண்டுமா என்பதுபோல இருந்தது முகம். ஆனாலும் கணினியில் எதையோ தட்டி, பெற்றோர் மரணத்தை எடுத்துவிட்டார்.

"சரி. அல்ஹம்துலில்லாஹ். அவ்வளவுதானே?"

"விடுப்பு வேண்டும். நாளையிலிருந்து. ஆண்டு விடுப்பில் கழித்துக்கொள்ளுங்கள்."

"நாளையிலிருந்தா? அதற்கு ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டுமே. அவசரமென்றால் காரணம் எழுத வேண்டும்." விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்ன காரணம்?"

"அப்பாவைப் பார்க்க."

"உடம்பு சரியில்லையா?"

"இல்லை புவான். நன்றாக இருக்கிறார். கோழிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."

"பிறகு என்ன அவசரம்?"

"அதுதான் அவசரம்" என்றேன்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, காரணம் கேட்ட கட்டத்தில் எதையும் அடிக்காமலே ஒப்புதலை அழுத்தினார்.